காற்றாடியைப் பாருங்கோ

பாட்டின் நடுவில் பிழை விட்டால் யாரும் யாரையும் பார்க்கக்கூடாது. எல்லோரும் மேலே கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். எங்கள் இசைக்குழுவில் இருந்த ஒரே சட்டம் அது. போட்டவர் லீட் அண்ணை.

லீட் கிற்றார் வாசித்ததால் லீட் அண்ணை. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, நல்ல பெயர்தான். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

"வீட்டுக்காரருக்குச் சுருதி தெரியாது பிள்ளை, கண் தெரியும்," என்பார். "ஆர் பிழை விட்டதெண்டு அவைக்கு விளங்காது. நாங்கள் ஆரைப் பாக்கிறமோ, அவன்தான் பிழைவிட்டவன் எண்டு நினைப்பினம். அதால ஒருத்தரையும் பாக்காதேங்கோ. காத்தாடியைப் பாருங்கோ."

"காத்தாடி இல்லாத வீடெண்டா?" என்று றெஜி கேட்டான்.

"சாமிப்படத்தைப் பார். உனக்குப் புண்ணியமாவது கிடைக்கும்."

றெஜி என் பெரியம்மாவின் மகன். ட்றம்ஸ் அடிப்பான். அவன் இருக்கிற தைரியத்தில்தான் அம்மா என்னைக் குழுவில் சேர விட்டார். பேஸ் கிற்றார் ஃபாரூக், மூதூர்க்காரன், சின்னக்கடைப் பக்கம் மாமாவின் புடவைக்கடையில் நின்றவன். கீபோர்ட் நான். மாதா கோவிலில் ஓர்கன் வாசித்துப் பழகிய கை. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று தெரியாமல், வீட்டுக்குள் கால் தரிக்காமல் அலைந்துகொண்டிருந்தேன். உலகத்தில் எனக்குத் தெரியாத பாட்டே இல்லை என்று நினைத்த வயது. வானொலியில் ஒரு பாட்டை ஒரு தரம் கேட்டால் மேசை விளிம்பில் வாசித்துவிடுவேன். அம்மா அதைப் பார்த்து, "மேசைக்குப் பேய் பிடிச்சிட்டுது," என்பார்.

எங்கள் பார்ட்டிகள் எல்லாம் பகலில்தான் நடந்தன. போர்க்காலம். பொழுது சாய்ந்தால் திருகோணமலையில் யாரும் வெளியில் நிற்பதில்லை. ஊரடங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கால்கள் தாமாகவே வீட்டுக்கு ஓடும். ஆகவே பிறந்தநாள், திருமண நாள், ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் காலையிலேயே ஆட்டம். ஆனால் வெளிச்சத்தில் ஆட எங்கள் சனத்துக்கு வெட்கம். வீட்டுக்காரர் யன்னல்களுக்குப் படுக்கை விரிப்புகளைக் கட்டி, கதவைச் சாத்தி, கலர் பல்ப் இரண்டைக் கொளுத்தி இரவு ஒன்றைச் செய்துவிடுவார்கள். உள்ளே புழுக்கம் கொல்லும். மாமிமார் வியர்வையில் பவுடர் கரையக் கரைய பைலா ஆடுவார்கள். பின்னேரம் ஆனதும் யாராவது விரிப்பை அவிழ்ப்பார்கள். வெயில் சடாரென்று உள்ளே விழும். அவ்வளவு நேரம் ஆடியவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு செருப்புத் தேடுவார்கள்.

நான் முதன்முதலில் அவர்களோடு வாசித்தது அப்படியொரு பிறந்தநாள் வீட்டில். பயத்தில் விரல் வழுக்கி, பாட்டின் தொடக்கத்தில் வரக்கூடாத ஒரு சுரத்தில் போய் நின்றது. காது மடல் சுட்டது. நான் காற்றாடியைப் பார்த்தேன். சட்டப்படி அது போதும். ஆனால் லீட் அண்ணை அதோடு விடவில்லை. அதே இடம் அடுத்த சுற்றில் வந்தபோது, என் பிழையை அவர் கிற்றாரில் வேண்டுமென்றே, அழுத்தி வாசித்தார். மூன்றாம் சுற்றில் ஃபாரூக்கும் சேர்ந்துகொண்டான். பாட்டு முடிந்ததும் வீட்டுக்காரர் ஓடிவந்து, "அந்த இடத்தில ஒரு திருப்பம் வைச்சீங்கள் பாருங்கோ, அது கொழும்பு பாண்ட் செற் மாதிரி இருந்தது," என்றார்.

லீட் அண்ணை என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "தங்கச்சியின்ர ஐடியா."

அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை நான் தரையில் நடக்கவில்லை.

அவர் அப்படித்தான். மற்றவர் பிழையைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. ஓடிப்போய்த் தன் மேல் எடுத்துப் போட்டுக்கொள்வார். ஒருமுறை மூதூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு லோஞ்சில் போனோம். ட்றம்ஸை நிறுத்தும் கால்களை எல்லாம் றெஜி இறங்குதுறையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். கடல் நடுவில்தான் அது நினைவு வந்தது. ஏற்கெனவே கடற்கிறுதியில் தலை சுற்றி வெளிறிப்போய் இருந்தவன் அழத் தொடங்கினான். ஃபாரூக்குக்குச் சொந்த ஊரில் மானம் போகிற கோபம். "உன்னை லோஞ்சில கட்டித் தொங்க விடவேணும்," என்று கத்தினான்.

"ஏன் அவனோட கத்திறாய்?" என்றார் லீட் அண்ணை. "நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான்."

"நீங்கள் எப்ப அண்ணை சொன்னனீங்கள்?"

"இப்பதான்."

கல்யாண வீட்டில் நெல்லு மூட்டைகளை அடுக்கி அதன்மேல் ட்றம்ஸை வைத்தோம். மாப்பிள்ளையின் தகப்பனிடம் லீட் அண்ணை முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "விவசாயி வீட்டில நாங்கள் இப்பிடித்தான் வைக்கிறது, ஐஸ்வரியம்," என்றார். அவர் மகிழ்ந்துபோய் எங்களுக்கு இரண்டாம் தரமும் வட்டிலப்பம் அனுப்பினார்.

துறைமுகத்தில் கடற்படை தண்ணீருக்குள் குண்டு போடுவதையும் அவர் இப்படித்தான் எடுத்துக்கொண்டார். சுழியோடிகள் வந்து கப்பலுக்கு வெடி வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் நேரம் காலம் இல்லாமல் போடுவார்கள். 'டொம்' என்று அடிவயிற்றில் கேட்கும். அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். பாட்டு நடுவில் அது வந்தால் சனம் ஒரு கணம் உறைந்துபோகும். லீட் அண்ணை கையை உயர்த்துவார். நாங்கள் எல்லோரும் ஒரு தட்டு நிறுத்தி, அடுத்த தட்டில் ஒன்றாய் விழுவோம். குண்டையும் நாங்கள்தான் ஒழுங்குபண்ணினோம் என்பது போல இருக்கும். சனம் விசிலடிக்கும்.

அவரோடு நின்றால் எதுவும் பிழையாகாது என்று நான் நம்பினேன். அவ்வளவு சுகமான நம்பிக்கை எனக்கு அதற்குப் பிறகு வேறெந்த மனிதரிடமும் வரவில்லை.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒருநாள் வாசிப்பு முடிந்து வரும்போது சென்ரியில் இராணுவத்தார் மறித்தார்கள். ஃபாரூக்கின் அடையாள அட்டை கடையில் மறந்த சட்டைக்குள் இருந்தது. எங்கள் பெட்டிகளில் வயரும் பற்றரியும் இருந்தன. இரண்டும் சேர்ந்தால் என்ன கதை வரும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். லீட் அண்ணை முன்னால் போய் நல்ல சிங்களத்தில் சொன்னார்: வயர், பற்றரி எல்லாம் தன்னுடையவை, அட்டையை எடுக்க விடாமல் பையனை அவசரப்படுத்தியதும் தான்தான். அவர்கள் எங்களை விட்டுவிட்டு அவரை மறித்துவைத்தார்கள். மதிய வெயிலில் மணல்மூட்டைப் பக்கத்தில் அவர் முழந்தாளில் இருந்ததை நாங்கள் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போனோம். பொழுது சாய முன்பு வந்து சேர்ந்தார். "நல்ல ஆக்கள். தண்ணி எல்லாம் தந்தவை," என்றார். உதடு வெடித்திருந்தது.

அவர் துறைமுகக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்தார். முப்பது வயது இருக்கும், கல்யாணமாகவில்லை. அந்த வயதுத் தமிழ் ஆண்பிள்ளைகளுக்கு அப்போது ஒவ்வொரு சுற்றிவளைப்பும் ஒரு சீட்டிழுப்பு. அவர் பலமுறை இழுபட்டவர். கடைசித் தரம் கொண்டுபோய் விட்ட பிறகு இடக்கைச் சுட்டுவிரல் சரியாக மடங்கவில்லை. "கதவு சாத்தேக்க இறுகிப்போச்சு," என்று சொல்லிவிட்டு, கிற்றாரில் விரல் வைக்கிற முறையை மாற்றிக்கொண்டார். எந்தக் கதவு என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த விரல் இல்லாமலேயே அவர் எங்கள் மூவரையும்விட நன்றாக வாசித்தார்.

இனி உவர்மலை வீடு.

அங்கே ஒரு ரீச்சரின் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். காலைப் பூசை முடிந்து பதினொரு மணிக்கே விரிப்புகளைக் கட்டியாயிற்று. குழந்தையின் ஞானத் தகப்பன் கொழும்பிலிருந்து வந்திருந்தார். தலை நரைத்து, வெள்ளைச் சேட்டை முழங்கைவரை மடித்துவிட்ட மனிதர். கோவில் பாட்டுக் கசற்றுகளும் வானொலி விளம்பரங்களும் பதிவுசெய்கிற ஸ்ரூடியோ ஒன்று வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு முந்தி எங்களிடம் வந்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"எனக்கு ஒரு ஆள் வேணும். என்ன வாத்தியமெண்டாலும் பரவாயில்லை. கேட்டவுடன பிடிக்கிற காது வேணும். சாப்பிட்ட பிறகு உங்களைக் கேக்கிறன். பிடிச்சா ஒராளைக் கூட்டிக்கொண்டு போவன். கொழும்பில தங்கிறதுக்குப் பொலிஸ் பதிவெல்லாம் என்ர பொறுப்பு."

ஒராள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கொழும்பில் வத்தளையில் அத்தை வீடு இருந்தது. அம்மாவைச் சம்மதிக்க வைக்கலாம். சோதனைச்சாவடி இல்லாத தெருவில் நடந்துபோய், சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய அறைக்குள் இருந்து வாசிப்பது எப்படி இருக்கும் என்று பிளேட்டின் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். ஃபாரூக்குக்குக் கடை இருந்தது. றெஜிக்குக் காதல் இருந்தது. மிஞ்சியது நாங்கள் இருவர்.

கைகழுவுகிற இடத்தில் லீட் அண்ணையிடம் நேரே கேட்டேன். "அண்ணை, நீங்கள் போக விருப்பமோ?"

"எனக்கென்ன பிள்ளை," என்று சிரித்தார். "இந்த விரலோட நான் எங்க போறது? உனக்குத்தான் காது. அந்த மெதுவான பாட்டை எடுப்பம். நடுவில வாற இடையிசையை உனக்கு விடுறன். வடிவா வாசி."

எல்லோரும் இடத்துக்கு வந்து சுருதி சேர்க்கும்போது அவர் என் பக்கம் குனிந்து காதுக்குள் சொன்னார்: "இண்டைக்கு ரெண்டு தரம் வாசி. முதல் தரம் அப்பிடியே. ரெண்டாம் தரம் உன்ர விருப்பம், விளையாடு. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

வழக்கமாக அந்த இடையிசை ஒரு தரம்தான். அதை இரண்டாக்கியது எனக்காக. நன்றியில் எனக்குக் கண் கலங்கிப்போனது.

பாட்டைத் தொடங்கினோம். கொழும்புக்காரர் கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். லீட் அண்ணையின் குரல் அன்றைக்கு என்னவோ தேன் போல வந்தது. பிறகு என்னுடைய இடம். முதல் தரம் அப்படியே வாசித்தேன், ஒரு சுரம் பிசகவில்லை. மனம் நிறைந்து, இரண்டாம் தரத்துக்காகக் கையை மேலே கொண்டுபோய், நான் வீட்டில் மேசையில் எத்தனையோ நாள் வாசித்துப் பார்த்த அந்த ஓட்டத்தைத் தொடங்கினேன்.

அவர் பாடத் தொடங்கினார்.

அடுத்த சரணம். வழக்கமான இடத்தில், வழக்கம் போல. றெஜியும் ஃபாரூக்கும் அவரோடு போய்விட்டார்கள். அவர் போகிற பக்கம் போவது அவர்களுக்குப் பழக்கம். அவர் என் காதுக்குள் சொன்னது அவர்களுக்குத் தெரியாது. மூன்று பேர் ஒரு பாட்டிலும் நான் தனியே இன்னொரு பாட்டிலும் நின்றோம். என் ஓட்டம் அவர் குரலின் மேல் ஏறி மிதித்துக்கொண்டு ஓடியது. அந்த நேரத்திலும் நான் பயப்படவில்லை. இப்போது அவர் பாட்டை நிறுத்துவார், என்னோடு சேர்ந்து திரும்புவார், இதையும் ஒரு திருப்பமாக்குவார் என்று நினைத்துக்கொண்டு, காற்றாடியைக்கூடப் பார்க்காமல், நேரே அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டுமல்ல. அவர் பார்த்ததால் ரீச்சர் பார்த்தார், மாமிமார் பார்த்தார்கள், கொழும்புக்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார். கோபமான பார்வை என்றால்கூடத் தாங்கியிருப்பேன். குழந்தை தேநீரைக் கொட்டிவிட்டால் பார்ப்போமே, அப்படிக் கனிந்த பார்வை. பிறகு கையை உயர்த்திக் குழுவை நிறுத்தினார். அதுவரை நாங்கள் எந்த வீட்டிலும் பாட்டை இடையில் நிறுத்தியதே இல்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார் சபையைப் பார்த்து. "இன்னொருக்கால் எடுப்பம்."

இரண்டாம் முறை நான் இடையிசையை ஒரு தரம் வாசித்தேன். விரல்கள் மரக்கட்டையாய் இருந்தன.

விரிப்புகளை அவிழ்த்து வெயில் உள்ளே வந்த பிறகு கொழும்புக்காரர் என்னிடம் வந்தார். "நல்ல கை மகள். ஆனா மற்றவை எங்க நிக்கினம் எண்டு கேட்டு வாசிக்க வேணும். அது போகப்போக வரும்."

"நான் கேட்டுத்தான் வாசிச்சனான்," என்றேன். "ரெண்டு தரம் வாசி எண்டு சொன்னது லீட் அண்ணை. அவர்தான் முந்திப் பாடினவர். அது அவரின்ர பிழை."

அறை முழுக்கத் திரும்பியது. றெஜி, "என்னடி கதைக்கிறாய்," என்று என் கையைப் பிடித்தான். லீட் அண்ணை கிற்றாரைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லை.

"ஓம் ஐயா," என்றார் மெதுவாக. "பிள்ளை சொல்லுறது சரி. பிழை என்னுடையதுதான்."

கொழும்புக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அவரையே பார்த்தார். ரீச்சர் நாடியில் கைவைத்து, "அவன் எப்பவும் இப்பிடித்தான். எல்லாத்தையும் தன்ர தலையில போடுவான்," என்றார். ஃபாரூக் ஆமென்று தலையாட்டினான். வெயிலில் முழந்தாளில் இருந்த மனிதர் அவன் கண்ணில் நின்றிருப்பார், அவனை எப்படிக் குறைசொல்ல?

"ஸ்ரூடியோவில ஆளுக்காள் குற்றம் சொல்லுறதைக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு," என்றார் கொழும்புக்காரர். "இப்பிடி ஒரு ஆளைத்தான் நான் தேடினனான்."

லீட் அண்ணை சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அதை மறுக்க எனக்கு வழியே இருக்கவில்லை.

செய்தி எங்களுக்கு முன்பே எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அம்மா என்னோடு இரண்டு நாள் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. "உன்ர பிழையை மறைக்கப் பாத்த மனுசனை, சபையில வைச்சு இப்பிடிச் சொன்னியே. படிச்ச பிள்ளையெண்டு சொல்ல வெக்கமாயிருக்கு." நான் நடந்ததைச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது பொய் போலக் கேட்கத் தொடங்கியது. அவருக்கு அப்படிச் செய்ய என்ன தேவை என்று அம்மா கேட்டார். தேவையை நான் சொன்னேன்: கொழும்பு வேலை, பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு, அந்த விரல். "பாவம், அவனுக்கு அது கிடைக்கத்தானே வேணும்," என்றார் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றியதால் வேதனை கூடியதே தவிரக் குறையவில்லை.

அவர் பயணம் சொல்ல வந்த காலை, அம்மா பயத்தம் பணியாரம் செய்து ஒரு பெரிய தகரப் பேணியில் அடைத்து வைத்திருந்தார். அவர் குசினி வாசலில் நின்று சூட்டோடு ஒன்றைச் சாப்பிட்டு, "கொழும்பில இது கிடையாதம்மா," என்றார். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. பேணியை என் கையில் தந்து, "படலைமட்டும் போய்க் குடுத்து, ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வா," என்றார். என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். மன்னிப்பு.

வாசல் படலைவரை இருவரும் நடந்தோம். புதுச் சேட்டுப் போட்டிருந்தார். பேணியைக் கொடுத்தேன்.

"நான் கைகழுவேக்க கேட்டனானே அண்ணை," என்றேன். "விருப்பமோ எண்டு. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. நான் விட்டுத் தந்திருப்பன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பேணியின் மூடியை அந்த மடங்காத விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"தந்திருப்பாய்," என்றார். "எனக்குத் தெரியும். பிறகு எங்க போனாலும், ஒரு சின்னப் பெட்டை பாவம் பாத்துத் தந்த இடம் எண்டுதான் நான் வாசிச்சுக்கொண்டு இருக்கவேணும். அது எனக்கு ஏலாது பிள்ளை."

படலையைத் திறந்து போனார். ஒழுங்கை முனைச் சென்ரியில் அவர் கிற்றார் பெட்டியைத் திறந்து காட்டுவதை நான் நின்று பார்த்தேன். அவர்கள் கொழும்பு வேலைக் கடிதத்தை வாசித்துவிட்டு, உடனே போகவிட்டார்கள்.

உள்ளே வந்தபோது அம்மா குசினிக்குள்ளிருந்து கேட்டார்.

"சொன்னியோ?"

"ஓம்."

"என்ன சொன்னவன்?"

"ஒண்டுமில்லையாம் அம்மா," என்றேன். "தான் ஒண்டையும் மனசில வைக்கேல்லையாம்."